நீலம் கூட்டாத வானம்

நாலு மணி பத்து நிமிடம். ஆஸ்பத்திரியிலிருந்து உன் அண்ணன் கூப்பிட்டபோது கம்ப்யூட்டரின் மூலையில் இருந்த நேரம். பஸ் மோதி நீ போய்விட்டாய் என்றார். திரையில் நீ எடுத்த கருவேல மரப் படம். அதன் வானத்துக்கு நான் நீலம் கூட்டிக்கொண்டிருந்தேன், கூட்ட மாட்டேன் என்று உன்னிடம் சொல்லியிருந்தும்.

இன்று அதன் மாதிரி அச்சு, ப்ரூஃப், மேசைக்கு வந்தது, மை வாசனையோடு. உங்கள் சபைக் காலண்டருக்கான படம். ஆமத்தூர்ப் பொட்டலுக்கு மேலே சுவிட்சர்லாந்து வானம்.

எரிச்சலாக வருகிறது. உன் மேலும்தான். அவசர ஆர்டரோடு சிவகாசிக்குப் போகிறவனை, உச்சி வெயிலில், ஒரு முள்மரத்துக்காக பைக்கை நிறுத்தச் சொன்னாய். காலண்டருக்கு அருவிப் படம் போடலாமே என்றேன்.

"ஏங்க, அருவி மட்டுந்தான் ஆண்டவரத் துதிக்குமா? தண்ணியில்லாத காட்டுல இது இம்புட்டுப் பூத்து நிக்கே, இது துதி இல்லையாக்கும்?"

"வானம் வெளுத்துக் கெடக்கு. கொஞ்சம் நீலம் கூட்டுனா எடுப்பா இருக்கும்."

"அவரு செஞ்சதுக்கு நீங்க கரெக்‌ஷன் போடாதீக."

மரத்தடியில் தவிட்டுக்குருவிகள் கத்தித் தீர்த்தன. ஜெபக்கூட்டம் என்றாய்.

"எல்லாம் ஒண்ணாக் கத்துதே, யாரு கேக்கா?"

"நம்ம சபையில மட்டும் என்னவாம்?" என்று சிரித்தாய்.

உன்னை அடக்கம் செய்த மறுநாள் காலையிலும் அதே குருவிகள் வீட்டு முருங்கையில் கத்தின. ஒருநாள் வாயை மூடியிருந்தால் என்ன? வந்தவர்கள் எல்லாம் கர்த்தருடைய சித்தம் என்றார்கள். மரத்துப்போய்த் தலையாட்டினேன். மரத்தைப் பார்த்து அவரைப் புகழ்ந்தவளை எடுத்துக்கொண்டு, உள்ளே வராமல் சபை வாசலில் பைக்கோடு நின்றவனை விட்டுவைத்திருக்கிறார். என்ன கணக்கோ.

நீ எடுத்த அசல் படத்தைத் திறந்து ப்ரூஃபோடு ஒப்பிட்டேன். அசலில் மரமெங்கும் மஞ்சள் பூ. வானத்துக்குக் கூட்டிய என் நீலம் மரத்திலும் ஏறி, பூவெல்லாம் பச்சையாகி, இலையோடு இலையாகக் காணாமல் போயிருந்தது. நீ வண்டியை நிறுத்தச் சொன்னதே அந்தப் பூவுக்காக.

அதற்குள் சபைச் செயலாளர் கூப்பிட்டார். "தம்பி, ப்ரூஃப் பாத்தேன். வானம் பிரமாதம். அப்படியே ஓட்டிருங்க."

"இல்ல அண்ணாச்சி, மாத்துறேன்."

"ஏம்ப்பா, நல்லாத்தான இருக்கு?"

"அவ கரெக்‌ஷன் போடக் கூடாதுன்னு சொன்னா."

அவர் பேசிக்கொண்டே இருந்தார். வைத்துவிட்டேன். வெளுத்த வானத்தையே அச்சுப் பிளேட் போட அனுப்பினேன்.

மரம் துதிக்கிறதா, எனக்கு இன்னும் தெரியாது. பூ மஞ்சள் என்பது தெரியும். செயலாளர் மறுபடி கூப்பிடுவார். போனை அணைத்துவிட்டேன்.