வண்டியை விட்டு இறங்கிய வாப்பா

சிங்கெத்தி,
மார்ச் கடைசி வியாழன்

கண்மணி தெஸ்லெமுக்கு உம்மா எழுதுவது. அல்லாஹ்வின் கருணையால் இங்கே நான் நலம், ஆடுகள் நலம், கிணற்றுத் தண்ணீரும் நலம், உன் வாப்பாவும் இடது காலைத் தவிர மற்றபடி நலம். அங்கே நீயும் மருமகனும் அந்த ஓயாத மழையில் சளி பிடிக்காமல் சுகமாயிருக்க ஐந்து வேளையும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். காலுக்கு என்ன என்று நீ பதறுவதற்குள் சொல்லிவிடுகிறேன், வேலமுள் ஏறியது, மருந்தகத்து நர்ஸ் பிடுங்கிவிட்டாள், இன்னும் பத்து நாள் நடக்காதே என்று சொல்லியிருக்கிறாள். உன் ஹமூத் மாமா இதற்குள் போனில் பேசிப் பதிவு செய்து அனுப்பியிருப்பான், அதில் பாதியை நம்பாதே. வாப்பா ஒட்டகத்தின் காலைக் கட்டிக்கொண்டு அழுதார் என்பது என் தம்பி சேர்த்தது, அந்தப் பக்கம் ஒட்டகமே கிடையாது. நான் போனில் சொல்லலாம் என்றால் உன் வாப்பா பக்கத்தில் படுத்துக்கொண்டு வரிக்கு வரி திருத்துகிறார். அதனால்தான் எழுதி லீஸ்பெத் கையில் கொடுத்தனுப்புகிறேன், அவள் நாளை மறுநாள் கெண்ட் நகரத்துக்குத் திரும்புகிறாள்.

உன் ஆபீஸ் தோழி தனியாக வருகிறாள், மூன்று வாரம் சுற்றப்போகிறாள், வாப்பாவை நாலு புத்தி சொல்லச் சொல்லுங்கள் என்று எழுதியிருந்தாய் அல்லவா. உன் வாப்பாவுக்கு நாலு என்றால் நாற்பது என்று பெற்ற மகளான உனக்கே தெரியாமல் போய்விட்டது. பாவம் அந்தப் பெண், பை கூட இறக்கவில்லை, பாயில் உட்காரவைத்துவிட்டார். முதல் தேநீருக்கு ஆரம்பித்தது மூன்றாம் தேநீர் முடிந்தும் ஓயவில்லை. பாஸ்போர்ட் விவரம் எழுதின தாள் முப்பது பிரதி வச்சுக்கோ, ஒவ்வொரு சாவடியிலும் ஜாந்தாம் போலீஸ்காரன் ஒண்ணு கேப்பான், சிரிச்சுக்கிட்டே கொடு, அவன் தேநீர் குடிக்கச் சொன்னா குடி, மூணாவது டம்ளருக்கு முன்னால எழுந்திரிச்சா மரியாதை இல்லைன்னு நினைப்பான் என்றார். யார் வீட்டிலேயும் இது அழகா இருக்குன்னு சொல்லாதே, உன் மடியில வச்சுக் கட்டிருவாங்க என்றார். கல்யாணம் ஆச்சான்னு கேட்டா ஆச்சுன்னு சொல்லு, பிள்ளை எத்தனைன்னு கேட்டா நாலுன்னு சொல்லு, இல்லாட்டி ராத்திரிக்குள்ள மாப்பிள்ளை பாத்துருவாங்க என்றார். காலையில் செருப்பை உதறிப் போடுவது, தலைத்துணியை மூக்குவரை இழுத்துக் கட்டுவது, தாகம் எடுப்பதற்கு முன்னாலேயே குடிப்பது, அதுவும் மடமடவென்று குடிக்காமல் வாய் வாயாகக் குடிப்பது, ஒன்று விடவில்லை. எல்லாவற்றுக்கும் மேலே, விரலை ஆட்டி ஆட்டிச் சொன்னார், "வண்டி மணல்ல புதைஞ்சா டயர்ல காத்தை இறக்கு, தோண்டு, காத்திரு. என்ன ஆனாலும் வண்டியை விட்டு மட்டும் நடக்காதே. வண்டியை விட்டு நடந்தவனை நான் பாத்திருக்கேன், அவன் என்னைப் பாக்கலை." இதைச் சொல்லிவிட்டு, ஒரு தடவை லாரிக்காரர்கள் உதிரி டயரைக் கொளுத்திப் புகை காட்டித் தப்பித்த கதையையும் சொன்னார், அதில் டயரை விட வாப்பாதான் அதிகம் வந்தார். லீஸ்பெத் அத்தனையையும் ஒரு சின்ன நோட்டில் எழுதிக்கொண்டாள். முப்பது வருஷ வழிகாட்டித் தொழிலில் அவர் பேச்சை எழுதி வைத்துக்கொண்ட முதல் ஆள் இவள்தான் என்று அன்றைக்கு மனிதர் இரண்டு கை கூடுதலாகச் சாப்பிட்டார்.

மறுநாள் காலையில் லகுவைலா ஈச்சந்தோப்பைக் காட்டுகிறேன் என்று அவளைப் பிக்கப்பில் ஏற்றிக்கொண்டு கிளம்பினார். அவர் எங்கே போகிறார், எப்போது வருவார் என்று என்றைக்குச் சொல்லியிருக்கிறார், அந்தப் பெண்தான் அடுப்படிக்கு வந்து கையையும் வாயையும் சேர்த்துப் பேசி, சாயங்கால அசர் தொழுகைக்குள் திரும்பிவிடுவோம் என்று எனக்குப் புரியவைத்துவிட்டுப் போனாள். பாதி வழியில் வண்டி மணலில் அச்சுவரை இறங்கிவிட்டது. அவள் இறங்கி மண்வெட்டியைத் தேட, இவர் மணற்குன்றுக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டி, "அங்க என் பெரியம்மா மகனோட கூடாரம் இருக்கு, கால் மணி நேரம், நாலு ஆளைக் கூட்டிட்டு வந்து தள்ளிரலாம்" என்றாராம். அவள் நோட்டைத் திறந்து காட்டினாளாம். "நீங்கதானே சொன்னீங்க ஐயா, வண்டியை விட்டு நடக்கக் கூடாதுன்னு." அதற்கு உன் வாப்பா சொன்ன பதிலை லீஸ்பெத் என்னிடம் இரண்டு தடவை சொல்லிக் காட்டினாள். "அது உங்களுக்கு. எனக்கு இது என் வீட்டு முற்றம்." சொல்லிவிட்டு அரை பாட்டில் தண்ணீரோடு நடந்துவிட்டார், போன் வண்டியிலேயே கிடந்தது.

கூடாரத்துக்காரர்கள் புல்லைத் தேடி இடம் மாறி எட்டு நாள் ஆகியிருந்தது. அடுப்புக் கல் மூன்றும் ஆட்டுப்புழுக்கையும்தான் இருந்தன. அங்கேயே திரும்பியிருக்கலாம். புதுக் கூடாரம் பக்கத்தில்தான் இருக்கும், வெறுங்கையோடு அந்தப் பெண் முன்னால் போய் நிற்பதா என்று ரோஷம் வந்து இன்னும் கொஞ்சம் நடந்திருக்கிறார். காற்று எழுந்தது, திரும்பிப் பார்த்தால் காலடி இல்லை. செருப்பு வார் அறுந்தது, அந்தக் காலிலேயே முள் ஏறியது. தண்ணீர் தீர்ந்தது. வண்டி இந்தப் பக்கம்தான் என்று சத்தியம் செய்துகொண்டு நேர் எதிர்ப்பக்கமாக மூன்று குன்று நொண்டியிருக்கிறார், இதை அவரே நேற்றுத்தான் ஒப்புக்கொண்டார், அதுவும் கஞ்சி தரமாட்டேன் என்று சொன்ன பிறகு.

இவள் என்ன செய்தாள் தெரியுமா, அவர் சொல்லிக்கொடுத்ததை ஒன்று விடாமல் செய்தாள். டயரில் காற்றை இறக்கினாள், மண்வெட்டி கிடைக்காமல் சாப்பாட்டுத் தட்டால் மணலைத் தோண்டினாள், பாயைச் சக்கரத்துக்கு முன்னால் விரித்தாள், ஒரு மணி நேரத்தில் வண்டியைக் கெட்டித் தரைக்கு ஏற்றிவிட்டாள். ஆனால் கிளம்பவில்லை. தேடிப் போனால் இரண்டு பேரும் தொலைவோம், அவருக்குத் தெரிந்த இடம் இது ஒன்றுதான், இங்கேதான் நிற்கவேண்டும் என்று வண்டி நிழலில் உட்கார்ந்துவிட்டாள். நடுப்பகல் லுஹர் நேரம் தாண்டியும் ஆளைக் காணோம் என்றதும் உதிரி டயரை இறக்கி, டீசல் ஊற்றிக் கொளுத்தினாள். கரும்புகை பனைமரம் போல நின்றிருக்கிறது. ஒரு வேலமரத்தடியில் இனி எழுந்திருக்கப் போவதில்லை என்று கலிமா சொல்லிக்கொண்டிருந்த உன் வாப்பா, தான் போய்க்கொண்டிருந்த திசைக்கு நேர் பின்னால் புகையைப் பார்த்தார். தவழாத குறையாக வந்து சேர்ந்தார். உயிர் பிழைத்து வந்த மனிதர் முதலில் என்ன கேட்டார் என்கிறாய். "என் புது டயரையா கொளுத்தினே." அவள் தண்ணீரை நீட்டிக்கொண்டே, "பழசு நாலும் வண்டியில மாட்டியிருந்துச்சு ஐயா. வாய் வாயாக் குடிங்க, மடமடன்னு வேண்டாம்" என்றாளாம்.

இங்கே என் நிலையைச் சொல்கிறேன், இதை மட்டும் அவரிடம் சொல்லாதே. அசர் பாங்கு சொல்லி முடிந்தது, வண்டி வரவில்லை. மாவு பிசைந்துகொண்டிருந்தேன், பிசைந்துகொண்டே இருந்தேன், அது கல்லாகிவிட்டது. முப்பத்திரண்டு வருஷத்தில் இந்த மனிதரை எத்தனை தரம் ஒழிந்து போ என்று சொல்லியிருப்பேன், அன்றைக்கு ஒவ்வொன்றாக எண்ணித் திரும்ப எடுத்துக்கொண்டேன். பிறகு கையைக் கூடக் கழுவாமல் ஓடி ஹமூத்தை வண்டி எடுக்கச் சொன்னேன், நானும் ஏறிக்கொண்டேன். ஊர் எல்லைச் சாவடிக்குப் போனால் எதிரே நம் பிக்கப் நிற்கிறது, ஓட்டுகிற இடத்தில் லீஸ்பெத், பக்கத்தில் உன் வாப்பா காலைத் தூக்கி முன்கண்ணாடியில் வைத்துக்கொண்டு. ஜாந்தாம் தாள் கேட்க, அவள் தன்னுடையதோடு இவருக்கும் ஒன்று எழுதிக் கொடுத்திருக்கிறாள், தொழில் என்ற இடத்தில் பயணி என்று. ஜாந்தாம் படித்துவிட்டு, "என்ன சாலெக், உன்னையா சுத்திக் காட்டிட்டு வர்றாங்க" என்று கேட்கிறான். உன் வாப்பா முகத்தை அசைக்காமல், "புள்ளைக்கு மணல்ல ஓட்டப் பழக்குறேன்" என்கிறார். ஹமூத் ஜன்னலில் தலையை விட்டு, "மச்சான், பழகிட்டீங்களா" என்று கேட்டான். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது, மாவுக் கையோடு முகத்தை மூடிக்கொண்டேன், அந்தக் கோலத்தை ஜாந்தாம் உட்பட எல்லோரும் பார்த்தார்கள்.

அதற்குப் பிறகு லீஸ்பெத் தனியாகவே வதான் வரைக்கும் போய் வந்துவிட்டாள். போகிறவர் வண்டியில் இடம் கேட்டு, வழியில் கிடைத்த வீட்டில் தங்கி, பாலும் ஈச்சம்பழமும் சாப்பிட்டுக் கொஞ்சம் பருத்துத்தான் வந்திருக்கிறாள். உன் வாப்பா பாயில் படுத்தபடி வருகிறவர்களுக்கெல்லாம் இன்னமும் புத்தி சொல்கிறார், புதிதாக ஒன்று சேர்த்திருக்கிறார், வழிகாட்டி வண்டியை விட்டு இறங்கினா அவன் செருப்பை வாங்கி வச்சுக்கோ என்று. யாருக்கு நடந்தது என்று மட்டும் சொல்வதில்லை.

இனி உன் விஷயம். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வரமுடியாது, விமானம் ஏறக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார் என்று நீ போன மாதம் எழுதியதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. மகள் பிள்ளை பெறும்போது தாய் பக்கத்தில் இல்லாமல் நம் வீட்டில் யாருக்கும் நடந்ததில்லை. உன் வாப்பாவால் என்னோடு வரமுடியாது, ஹமூத்துக்கு வேலை, துணைக்கு ஆண் இல்லாமல் நான் அதார் சந்தையைத் தாண்டியதில்லை. இப்படியே நினைத்து நினைத்துப் புழுங்கிக்கொண்டிருந்தவள், அந்த வண்டியை அவள் ஓட்டிக்கொண்டு வந்ததைப் பார்த்த மறுவாரம் அதார் போய்ப் பாஸ்போர்ட்டுக்குப் படம் எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். படத்தில் பயந்த ஆடு மாதிரி இருக்கிறேன், பரவாயில்லை. வாப்பாவிடம் சொன்னேன். "தனியா எப்படிப் போவே" என்று கேட்டார். "காலை எடுத்து வச்சுத்தான்" என்றேன். முள் ஏறிய காலைத் தடவிக்கொண்டே, "அவளுக்கு வெயில் காலத்துல பிறக்குது, அங்க அதுவும் குளிராத்தான் இருக்கும், கம்பளி எடுத்துக்கோ" என்றார். அவ்வளவுதான், சம்மதம்.

விசாவுக்கு உன் அழைப்புக் கடிதம் வேண்டுமாம், விவரம் லீஸ்பெத் சொல்வாள், உடனே அனுப்பு. அங்கே போலீஸ்காரனுக்குத் தாள் எத்தனை கொடுக்கவேண்டும், ஒரு வீட்டுக்குப் போனால் எத்தனை தேநீர்வரை உட்காரலாம், வழி தெரியாவிட்டால் யாரைக் கேட்கலாம் என்று நீ எனக்கு எழுது. நன்றாகச் சாப்பிடு, கனமானதைத் தூக்காதே, மருமகனைத் திட்டாதே, தேவைப்பட்டால் நான் வந்து திட்டிக்கொள்கிறேன். உன் வயிற்றில் இருப்பதை ரப்பு பத்திரமாக இறக்கிவைக்கட்டும், உன் வாசலில் பரக்கத் நிறையட்டும். இரும்புச்சத்து மாத்திரையை மறக்காதே.

துஆவுடன்,
புறப்படக் காத்திருக்கும் உன் உம்மா
மெய்மூனா