கீரிக்கு ஊட்டிய கை

மாமா,

நேற்று ஒரு சிநேகிதி தன் கைக்குழந்தைக்கு ஊட்டுவதற்காகச் சின்னக் கண்ணாடி ஜாடி ஒன்றைத் திறந்தாள். மசித்த கோழிக்கறியின் வாசனை வந்தது. எனக்குக் குமட்டவில்லை, அழுகைதான் வந்தது. மாமனார் ஞாபகம் வந்துவிட்டது என்றேன். சுத்த சைவம் என்று நான் பெருமையடித்துக்கொண்ட அதே மாமனாரா என்று அவள் முழித்தாள். அவள் முழித்ததும் நியாயம்தான்.

அத்தை காலமான பிறகு நீங்கள் முதல் முறையாக அமெரிக்காவுக்கு, எங்கள் ஈஸ்ட் பிரன்ஸ்விக் வீட்டுக்கு வந்த குளிர்காலம் அது. உங்கள் பேத்தி காவ்யா வளர்த்த ஃபெரெட் என்ற செல்லப் பிராணிக்கு அப்போதே வயதாகிவிட்டிருந்தது. நீண்ட உடம்பு, குட்டைக் கால். அவள் வைத்த பெயர் நூடுல், உங்களுக்கு மட்டும் அது கீரி. "தாத்தா, ஹீ இஸ் நாட் எ கீரி!" என்று கத்துவாள். "கூப்ட்டா அதுவே திரும்பிப் பாக்குது, உனக்கென்ன?" என்பீர்கள். முட்டை இருக்கிற ஃபிரிட்ஜில் தன் தண்ணீர் பாட்டிலை வைக்கக் கூடாது என்ற மனிதர், அந்தக் கீரியை மடியில் போட்டுக்கொண்டு டிவி பார்த்தீர்கள்.

ஒரு நாள் என் ஆபீஸுக்குப் போன் செய்தீர்கள். கீரி வெறித்துப் பார்க்கிறது, எச்சில் ஒழுகுகிறது, பின்னங்கால் நிற்கவில்லை. "லோ சுகர்ம்மா. எனக்கு வர்றதேதான். ஈறுல தேன் தடவிட்டேன்." நெடுநாள் சர்க்கரைக்காரர் சொன்னது சரியாகவே இருந்தது. கணையத்தில் கட்டி, அது இன்சுலினைக் கொட்டுகிறது என்றார் டாக்டர். மாத்திரையும், வேளை தவறாமல் கறியும் தர வேண்டும். தேன், மயங்கி விழுந்தால் மட்டும்.

பகலில் வீட்டில் இருந்தது நீங்கள் ஒருவர்தான். கறியைத் தொட உங்களுக்கு மனம் வரவில்லை. அதனால் அது கொஞ்சம் சோர்ந்தாலும் தேனைத் தடவினீர்கள். உங்களுக்கு அப்படித்தானே சரியாகும்! அதற்கோ இனிப்பு போனால் இன்சுலின் இன்னும் சுரந்தது. எழுந்து ஓடும், கொஞ்ச நேரத்தில் முன்னைவிட மோசமாக விழும். டாக்டர்தான் இதை விளக்கினார். மறுநாள் மதியம் நான் ஓடி வந்தபோது, இடுப்பில் துண்டோடு சமையலறைத் தரையில் உட்கார்ந்து, கைக்குழந்தைகளுக்கான ஜாடியிலிருந்து கோழி விழுதைச் சுண்டுவிரலில் எடுத்து அதன் வாயில் வைத்துக்கொண்டிருந்தீர்கள். "ஊர்ல யார்கிட்டயும் சொல்லிடாதே" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனீர்கள். அதன்பின் ஒவ்வொரு முறை ஊட்டியதும் ஒரு குளியல். வெளியே பனி கொட்டியது. தலை காய்வதற்குள் அடுத்த வேளை வந்துவிடும்.

ஊருக்குப் போகும் டிக்கெட்டைத் தள்ளிப் போட்டீர்கள். கீரியால் எழுந்து நிற்கவே முடியாமல் போயிற்று. "அப்பா, ரொம்ப கஷ்டப்படுது. புட் டு ஸ்லீப் பண்ணிடலாம், ஒரு ஊசி போட்டா வலியில்லாம போயிடும்" என்று உங்கள் பிள்ளை சொன்னால், "நேத்து நல்லா சாப்ட்டுதேடா" என்பீர்கள். அடுத்த நாள் நீங்களே என்னிடம் வந்து, "பாக்க முடியலம்மா, கூட்டிட்டுப் போயிடலாம்" என்பீர்கள். நான் அப்பாயின்ட்மென்ட் வாங்குவேன். அன்று காலை பார்த்து அது தலையைத் தூக்கும், நான் கேன்சல் செய்வேன். அதற்கு வலிக்கிறதா, நமக்குத்தான் வலிக்கிறதா என்று குழம்பியே போனேன்.

கடைசியில் போனோம். "இட் இஸ் ஹேவிங் பெய்ன்?" என்று டாக்டரிடம் கேட்டீர்கள். இந்தப் பிராணிகள் வெளியே காட்டிக்கொள்ளாது, உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். "நீ சொல்லும்மா" என்று என்னைப் பார்த்தீர்கள். ஊசி போட்டுவிடலாம், சரி என்று நான் தலையாட்டினேன். எல்லாம் முடியும்வரை அது உங்கள் கையிலேயே இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் உங்களுக்குத் துண்டு எடுத்து வைத்தேன். சாவு வீட்டுக்குப் போய் வந்தால் குளிக்காமல் தண்ணீர்கூடக் குடிக்காதவர், அதைத் தொடவே இல்லை. அப்படியே உட்கார்ந்து மோர் சாதம் கேட்டு, அதே கையால் பிசைந்து சாப்பிட்டீர்கள். மிருகத்துக்குத் தீட்டு இல்லை என்று நினைத்தீர்களா, அசதியா, கழுவ மனமில்லையா? கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. ஊருக்குப் போன பிறகும் நீங்கள் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. போன வருஷம் நீங்களும் போய்விட்டீர்கள்.

ஒன்று மட்டும் அன்றைக்கே கேட்டேன். "நான் சரின்னு சொன்னது சரிதானா மாமா?" வீடு வாங்குவதிலிருந்து கிரீன் கார்டு வரை எதைக் கேட்டாலும் கையில் பதில் வைத்திருந்தவர், தட்டைப் பார்த்தபடியே "தெரியலம்மா" என்றீர்கள். ஆறுதலுக்காவது ஒரு பொய் சொல்லக் கூடாதா என்று கோபமாக வந்தது. டாக்டர், உங்கள் பிள்ளை, அழுது முடித்த பிறகு காவ்யா, எல்லோரும் நான் செய்தது சரி என்றார்கள். ஒருவரையும் நம்ப முடியவில்லை. உங்களை மட்டும்தான் நம்பினேன்.

எனக்கும் இன்னும் தெரியவில்லை, மாமா.