கடிதம் படிக்கும்வரை சைக்கிளைத் தொடாதே

லேவார்டன்,
செப்டம்பர் 14, ஞாயிறு

அன்பு மகள் நீன்கேவுக்கு அப்பா எழுதிக்கொள்வது. இங்கே அம்மா சௌக்கியம், பூனை சௌக்கியம், நானும் இடது முழங்காலும் மானமும் நீங்கலாக மற்றபடி சௌக்கியம். வெலிங்டன் காற்றில் பறந்துபோகாமல் நீயும் மாப்பிள்ளையும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை போனில், சைக்கிள் வாங்கியிருக்கிறேன், மலை மேலிருக்கும் வீட்டிலிருந்து மிதிக்காமலே ஆபீஸ் வரை இறங்கிவிடலாம் என்று நீ சந்தோஷமாகச் சொன்னாய். நான் காதோடு சொன்னதைக் கேட்டுவிட்டு அம்மா, அப்பா கடிதம் போடுவார், அதைக் கடைசி வரி வரைக்கும் படிக்காமல் அந்தச் சைக்கிளைத் தொடக்கூடாது என்று காரணம் சொல்லாமல் தடை போட்டாள். முப்பத்தெட்டு வயசுக்காரிய இப்படியா அடக்குவீங்க என்று நீ கோபித்துக்கொண்டாய். காரணத்தை நான்தான் எழுதுவேன் என்று அவளிடம் கெஞ்சிக் கேட்டிருந்தேன் கண்ணு. போனில் சொன்னால் நீ சிரிப்பாய், நீ சிரித்தால் பக்கத்தில் உட்கார்ந்து அவளும் சிரிப்பாள், மூன்று வாரமாக அவள் சிரித்ததே எனக்குப் போதும். ஆனால் இது உன் உயிர் சம்பந்தப்பட்ட விஷயம், அதனால் மானத்தை ஓரமாக வைத்துவிட்டு எழுதுகிறேன்.

தெருக்கோடிப் பழைய பள்ளிக்கூடத்தில் வட்டாரத்துக்காரர்கள் சேர்ந்து நடத்தும் சைக்கிள் பட்டறைக்கு நான் செவ்வாயும் வியாழனும் போவது உனக்குத் தெரியும். உள்ளே பழுது பார்க்கக் கற்றுக்கொடுப்பது நான். வெளியே மைதானத்தில், ஓட்டத் தெரியாத பெரியவர்களுக்கு ஓட்டவும் சாலையில் பத்திரமாகப் போகவும் கற்றுக்கொடுப்பது செம்ஹார். எரித்திரியாவிலிருந்து வந்தவள், ரொட்டிக் கடையில் வேலை பார்க்கிறாள், வயது நாற்பத்தைந்து இருக்கும், ஆறு வருஷத்துக்கு முன்னால் இதே மைதானத்தில்தான் முதன்முதலாகச் சைக்கிளில் ஏறினாள். நான் நான்கு வயதில் ஏறியவன். அதனால், உண்மையைச் சொன்னால் என்ன, அந்த மைதானத்தைப் பார்த்தாலே எனக்குக் கொஞ்சம் இளக்காரம்தான். பிளாஸ்டிக் கூம்புகளைச் சுற்றிச் சுற்றி வருவதற்கு ஒரு வகுப்பா என்று நினைப்பேன். பட்டறையில் ஒரு சட்டம் உண்டு. பழுது பார்த்த வண்டி ஒவ்வொன்றிலும் ஒரு சீட்டுக் கட்டுவோம், முதல் வரியில் பழுது பார்த்தவர் பெயர், இரண்டாம் வரியில் ஓட்டிப் பார்த்தவர் பெயர், இரண்டும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது. அந்தச் சட்டத்தைக் கொண்டுவந்ததே நான்தான் என்பதைத் தயவுசெய்து ஞாபகத்தில் வைத்துக்கொள்.

என் எழுபதாவது பிறந்தநாளுக்கு நீயும் அம்மாவும் கூடிப் பேசி அனுப்பிய மின்சாரச் சைக்கிள் பெட்டிக்குள் பாதி பிரிந்து வந்து சேர்ந்தது. பட்டறையில் வைத்து நானே பொருத்தினேன். இரண்டு கைப் பிரேக்கையும் மாட்டி, கம்பியை இழுத்து, மயிரிழை பிசகாமல் சரி செய்தேன். செம்ஹார் வகுப்பில் இருந்தாள், கூப்பிடச் சோம்பல், இரண்டாம் வரியிலும் நானே கையெழுத்துப் போட்டுவிட்டேன். நம் வீட்டு வண்டிகள் எல்லாமே பெடலைப் பின்னால் மிதித்தால் நிற்கிற ஜாதி, கைப்பிடியில் மணியைத் தவிர ஒன்றும் இருக்காது. ஊரில் நூறு பேருடைய வண்டிக்குக் கைப் பிரேக் மாட்டிக்கொடுத்திருக்கிறேன், ஆனால் ஒரு நாளும் கைப் பிரேக் பிடித்து நான் வண்டியை நிறுத்தியதில்லை. இது அன்றுவரை என் புத்தியில் உறைக்கவே இல்லை.

மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு வெள்ளிக்கிழமை, முதல் முறையாக அதில் ஏறிச் சந்தைக்குப் போகும் வழியில் கால்வாய்த் தூக்குப் பாலத்தை நெருங்கினேன். படகு வருகிறது, சிவப்பு விளக்கு எரிகிறது, தடுப்புக் கட்டை இறங்குகிறது, அதற்கு முன்னால் பத்துப் பதினைந்து பேர் சைக்கிளோடு நிற்கிறார்கள். நான் வழக்கம்போல நிதானமாகக் காலைப் பின்னால் மிதித்தேன். பெடல் தையல் மிஷின் மாதிரி சுற்றியது, வண்டி தன் பாட்டுக்குப் போனது. இன்னும் வேகமாகப் பின்னால் மிதித்தேன், அது இன்னும் சந்தோஷமாகச் சுற்றியது. முன்னால் ஒருத்தி குழந்தையை உட்கார வைத்துக்கொண்டு நின்றாள், அவள் மேல் ஏற்றாமல் இடது பக்கம் ஒடித்தேன், படகுத்துறைச் சரிவில் இறங்கி வாத்துக் கூட்டத்தைப் பிளந்துகொண்டு கால்வாய்க்குள் போய்விட்டேன். மார்பளவுத் தண்ணீர்தான், பயப்படாதே. பொரித்த மீனுக்கு வரிசையில் நின்றவர்கள் கை தட்டினார்கள். மிதந்து போன என் தொப்பியை, படகுக்காரர்களிடம் காசு வாங்கத் தூண்டில் கழியில் மரச் செருப்பைக் கட்டித் தொங்கவிடுவாரே பாலக்காரர், அவர் அந்தச் செருப்பாலேயே மீட்டார். மீட்டவர் சும்மா கொடுத்தாரா? "பெரியவரே, தண்ணி வழியா போறவங்க எல்லாரும் பாலக்காசு குடுக்கணும், உங்களுக்குன்னு தனிச் சட்டமா?" என்று தொப்பியை எடுத்துக்கொள்ளச் சொல்லி மறுபடி அதே செருப்பை என் மூக்குக்கு நேரே நீட்டினார். நானும் நனைந்த பையைத் துழாவி ஒரு யூரோ போட்டேன்.

பாசி படிந்த வண்டியைப் பட்டறைக்குத் தள்ளிக்கொண்டு போய், பிரேக் பிடிக்கவில்லை, கம்பெனிச் சரக்கு மோசம் என்று எல்லார் காதிலும் விழும்படி சொன்னேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம், அந்தக் கதைதான். செம்ஹார் வந்து பிரேக்கைப் பிடித்தாள், சக்கரம் அசையவில்லை. பிறகு சொட்டச் சொட்ட நனைந்திருந்த சீட்டைத் திருப்பிப் படித்தாள். "பிரேக் சரியில்லன்னா மாட்டினவர் சரியில்ல. பிரேக் சரின்னா ஓட்டினவர் சரியில்ல. ரெண்டு வரியிலயும் உங்க பேருதான் இருக்கு ஐயா, நான் எந்த ஹார்மன்கிட்ட பேசணும்?" என்று கேட்டாள். ஒரு பக்கம் என் கைவேலை, இன்னொரு பக்கம் அறுபத்தாறு வருஷ ஓட்டம். கைவேலையை விட்டுக்கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. ஓட்டினவன்கிட்டயே பேசும்மா என்றேன்.

பேசினாள். என் கையாலேயே இரண்டு பெடலையும் கழற்றச் சொன்னாள். இருக்கையைத் தாழ்த்தி, மஞ்சள் சட்டை மாட்டிவிட்டு, காலால் தரையை உந்திக்கொண்டு போங்க, விசில் அடிச்சா கையால மட்டும் நிறுத்துங்க என்றாள். விசில் அடித்தாள். பெடலே இல்லாத வண்டியில் என் கால் இரண்டும் காற்றைப் பின்னால் மிதித்தன! தொட்டில் பழக்கம் என்று சும்மாவா சொன்னார்கள். வகுப்பில் இருந்த எட்டுப் பெண்களும் "ஐயா, கை! கை!" என்று கத்தினார்கள். அம்மா மடக்கு நாற்காலியும் பிளாஸ்கில் காபியும் கொண்டுவந்து உட்கார்ந்துகொண்டு, நாற்பத்தோரு வருஷக் கல்யாண வாழ்க்கையில இப்படி ஒரு சந்தோஷம் நீங்க குடுத்ததே இல்ல என்றாள். எனக்குக் கோபம் வந்து, இவ்வளவு வருஷம் ஓட்டியவனுக்கு ஏன் வரமாட்டேன் என்கிறது என்று செம்ஹாரிடம் கேட்டேன். "நான் முப்பத்தொம்பது வயசுல விழுந்து விழுந்து கத்துக்கிட்டேன் ஐயா, கை எங்க இருக்கு, கால் எங்க இருக்குன்னு எல்லாம் எனக்குக் கணக்குத் தெரியும். உங்களுக்கு ஓட்டத்தான் தெரியும், என்ன பண்றீங்கன்னு தெரியாது" என்றாள். அவள் மேல் கோபப்பட முடியவில்லை, சரியாகத்தானே சொல்கிறாள்.

மூன்று வாரம் ஆயிற்று. இந்த வியாழக்கிழமை பெடலை மாட்டிக்கொண்டு வேகமாக வரச் சொன்னாள், வந்தேன், விசில் எதுவும் இல்லாமல் ரொட்டிக் கூடையைத் தூக்கிக்கொண்டு திடீரென்று குறுக்கே வந்து நின்றுவிட்டாள். என் கை பிடித்தது. கூடைக்கும் சக்கரத்துக்கும் நடுவே ஒரு சாண். எல்லாரும் கை தட்டினார்கள், அம்மாகூட எழுந்து நின்றாள். எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை, நீதான் கண்முன் நின்றாய்.

உனக்கு நான்கு வயது, அணைக்கரைச் சாலை, நீல வண்டி. நான் பின்னாலேயே ஓடிவந்து "காலப் பின்னால மிதி நீன்கே, பின்னால மிதி" என்று தொண்டை கிழியக் கத்தினேன். ஒரே நாளில் பிடித்துக்கொண்டாய், எனக்கு அவ்வளவு பெருமை. அதற்கப்புறம் நீ இந்த ஊரில் ஓட்டியதெல்லாம் அந்த ஜாதி வண்டிதான், அங்கே போய்ப் பதினோரு வருஷமாகப் பஸ்ஸில்தான் போனாய். ஆபத்து என்று வந்தால் உன் காலுக்குள் இன்னமும் என் குரல்தான் கத்தும் கண்ணு. எனக்காவது கீழே தண்ணீர் இருந்தது. உன் மலைக்குக் கீழே இருப்பது பெரிய ரோடு. போன ஞாயிறு நீ மிதிக்காமலே இறங்கலாம் என்றபோது காபியைக் கொட்டி மேஜைவிரிப்பை நாசமாக்கினேன், அதற்கும் அம்மா என்னைத்தான் திட்டினாள், காரணம் சொன்னதும் அவள் முகம் வெளுத்துவிட்டது. நான் மாட்டிவிட்டதை நான்தானே கழற்ற வேண்டும்?

ஆகவே கேள். மலையை விட்டுக் கீழே சமதரைக்கு வண்டியைத் தள்ளிக்கொண்டு போ. பெடலைக் கழற்று, இடது பெடல் எதிர்த் திசையில் கழலும், மறந்திருப்பாய். காலால் உந்து, மாப்பிள்ளையை விசில் அடிக்கச் சொல், கை என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே இரண்டு கையாலும் பிடி. இருபது தடவை. யாராவது பார்த்துச் சிரித்தால் சிரிக்கட்டும், உன் அப்பனைப் பார்த்து எட்டுப் பேர் சிரித்தார்கள், ஒன்றும் ஆகிவிடவில்லை. அப்புறம்தான் மலை.

அம்மா உனக்குக் கம்பளிக் கையுறை பின்னிக்கொண்டிருக்கிறாள், பிரேக் பிடிக்க விரல் விறைத்துப்போகக் கூடாதாம். சாப்பாட்டை நேரத்துக்குச் சாப்பிடு. மாப்பிள்ளைக்கு எங்கள் அன்பைச் சொல். நூறு வயது இரு மகளே, நின்று நிதானமாக இரு. இந்தக் கடிதத்தோடு பட்டறைச் சீட்டு ஒன்று வைத்திருக்கிறேன். முதல் வரியில் என் பெயர் இருக்கிறது. இரண்டாம் வரியை இந்தத் தடவை நான் தொடவில்லை. இருபது தடவையும் கையால் நிறுத்திய பிறகு அதில் நீ கையெழுத்துப் போட்டு அனுப்பு. அது வந்து சேரும்வரை உன் அம்மா என்னையும் சைக்கிளைத் தொடவிடமாட்டாளாம்.

இப்படிக்கு,
பாலக்காசு கொடுத்தவனும் உன் அப்பனுமாகிய
ஹார்மன்