மேல்காற்று தொடங்குமுன்

நைனாவுக்கு, வடக்கிலிருந்து வரதன் வணங்கி எழுதுவது. நான் சுகம். உங்கள் இருமல் தணிந்ததா?

"ஏரி பச்சப்பசேல்னு கீது, வயலுக்கு உரமே பாயுது" என்று மகிழ்ந்து எழுதியிருந்தீர்கள். அது உரமில்லை நைனா, விஷப்பாசி. இங்கே நாங்கள் ஆராயும் ஏரியிலும் வந்தது. காற்றடிக்கும் திசையைப் பார்த்து, "நாளைக்கு இந்தக் கரையில்தான் திரளும்" என்றேன். அப்படியே திரண்டது. அதிகாரி தட்டிக்கொடுத்தார். அந்தத் தண்ணீரைக் குடித்த எருமைகள் செத்துவிட்டன.

நம் ஏரியில் ஆனி மேல்காற்று அதைக் கிழக்கே மதகடிக்குத்தான் தள்ளும். அங்கே மாடுகளை இறக்காதீர்கள். பாஞ்சாலி நீந்துவதும் அங்கேதானே! என் மகளைத் தண்ணீரில் விடாதீர்கள், உங்கள் காலில் விழுகிறேன்.

தந்தி ஊழியர் வேலைநிறுத்தத்தால் நம் உத்திரமேரூருக்குத் தந்தி போகவில்லை. அவள் கையாலேயே ஒரு வரி எழுதிப் போடச் சொல்லுங்கள். தபால் மூட்டையைக் கட்டுகிறார்கள்.

அங்கே காற்று தொடங்கிவிட்டதா, நைனா?

வரதன்