தெற்கு பார்த்த பலகைகள்

ஜன. 20, திங்கள்

நல்ல பனி. எட்டு மணி வரை மொட்டை மாடி ஈரம்.

சோலார் பலகைகள் வந்துவிட்டன. ஆறு. பேட்டரி ஒன்று, சுவரில் மாட்டுகிற வகை. சுடுதண்ணீருக்கு சோலார் ஹீட்டர் தனி. வண்டியிலிருந்து இறக்கும்போது தெருவே வேடிக்கை. எதிர் வீட்டு சங்கரன் அண்ணாச்சி: "டீச்சர், வீட்டுல மில்லு வைக்கப் போறியளா?"

படம் என்னுடையது. எதற்கு எவ்வளவு கரண்டு, எத்தனை மணி நேரம், எல்லாம் பழைய ரெக்கார்டு நோட்டில் நானே கணக்கிட்டது. ஃபிட்டர் மிக்கேல் வாங்கிப் பார்த்துவிட்டு, "யாரு மேடம் போட்டது, இன்ஜினியரா?" என்றார். பிளஸ் டூ பிசிக்ஸ் டீச்சர் என்றேன். கொஞ்சம் நிமிர்ந்துதான் சொன்னேன்.

கரண்டு போனால் பேட்டரியில் ஓட வேண்டியவை:
1. மாமாவின் ஆக்சிஜன் மெஷின்
2. ஆக்சிஜன் மெஷின்
3. அவர் அறை ஃபேன், இரண்டு விளக்கு, ஃபிரிட்ஜ்
மோட்டார், இஸ்திரிப்பெட்டி கூடவே கூடாது.

மெஷினை இரண்டு தடவை எழுதியிருக்கிறேன். இருக்கட்டும். போன மார்கழிக்கு முந்தின மார்கழி வெள்ளத்தில் கரண்டு போய், கையிலிருந்த சிலிண்டரும் தீர்ந்து, மாமனாரை டிராக்டரில் தூக்கிப்போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். வழியெல்லாம் உதடு நீலம். இன்னொரு தடவை அதை என்னால் பார்க்க முடியாது.

ஜன. 21, செவ்.

ஸ்கூலில் ப்ராக்டிகலுக்கு ஒத்திகை. இரண்டு பெண்கள் வோல்ட்மீட்டரைத் தொடரிணைப்பில் கொடுத்துவிட்டு முழிக்கிறார்கள். தலைவலி.

வீட்டுக்கு வந்து மாடியேறினால், இரும்புச் சட்டம் எல்லாம் கிழக்கு பார்த்து முடுக்கியிருக்கிறது. நான் போட்ட படத்தில் தெற்கு. அம்புக்குறி போட்டு, சிவப்பு மையில் தெற்கு.

மிக்கேல்: "பெரியவருதான் சொன்னாரு மேடம். கிழக்குன்னாலும் ஓடும். கொஞ்சந்தான் கொறையும்."

அந்தக் கொஞ்சம் யாருடைய மூச்சு என்று அவருக்குத் தெரியாது.

கீழே வந்து மாமாவைக் கேட்டேன். ரிட்டயர்டு சர்வேயர். "தெக்க பாத்து வீட்டுல ஒண்ணும் வைக்கப்பிடாது. எமன் திசை. நாப்பது வருசம் ஊருக்கெல்லாம் அளந்து குடுத்தவன் நான். எனக்குத் திசை சொல்லுதியா?"

இவர் பேப்பருக்குள் போய்விட்டார். அப்பாவும் பெண்டாட்டியும் பேசினால் இவருக்குத் தலையங்கம் வரைக்கும் படிக்க வேண்டியிருக்கும்.

நான் சத்தம் போட்டேன். மாமா திருப்பிச் சத்தம் போடவில்லை, மூச்சு இல்லை. பைய சொன்னார்: "எனக்கு மூச்சு குடுக்கதுக்குத்தான போடுத? அத எமனப் பாத்தா வைப்பாவ?"

அடுப்படிக்குப் போய்விட்டேன். அழுகை வந்தது. கோபம் பாதி. மீதி அவருக்குப் பயமாக இருக்கிறது என்று இன்றைக்குத்தான் தெரிந்ததால்.

பால் கணக்கு கேட்க மறந்தேன்.

ஜன. 23, வியாழன்

வழக்கம் போல ராத்திரி ஊறப்போட்ட கொண்டைக்கடலை. காலையில் கோத்தேன். நூற்றியெட்டு. வாராவாரம் தட்சிணாமூர்த்திக்கு மாலை. முன்பு மாமாவே கோயிலுக்கு நடப்பார், இப்போது இவர் கொண்டுபோகிறார்.

எழுபதாவது கடலையில் யோசனை வந்தது. ஊசி கையில் குத்தியது கூடத் தெரியவில்லை.

மாலையை மாமா கண்ணில் ஒற்றிக்கொள்ளும்போது கேட்டேன். "மாமா, இந்தச் சாமி எந்தத் திசை பாத்து இருக்காரு?"

மாலையைத் திரும்பத் தட்டில் வைத்தார். மெஷின் புஸ் புஸ் என்றது.

"தெக்க பாத்து," என்றார் கடைசியில். "அவரு சாமி. இது தகரம்."

"தெக்க பாத்து இருக்கதுனாலதான அவரு எமனுக்கும் மேல நிக்காரு?"

இது எந்தப் புராணத்திலும் இருக்கிறதா தெரியாது. வாயில் வந்தது. ஸ்கூலுக்குக் கிளம்பிவிட்டேன்.

சாயந்திரம் செருப்பைக் கழற்றும்போது இவர் ரகசியமாக: "அப்பா மிக்கேல வரச் சொல்லிட்டாரு. நீ என்ன சொன்ன?"

ஒன்றும் சொல்லவில்லை, கடலை கோத்தேன் என்றேன். பெருமை தாங்கவில்லை. ஒரு டம்ளர் காப்பி கூடுதலாகக் குடித்தேன்.

ஜன. 25, சனி

வெயில் சுள்ளென்று. விடுமுறை. சட்டத்தைத் திருப்பினார்கள்.

பத்து மணிக்குப் படியில் சத்தம். மாமா. கையில் பழைய பித்தளைத் திசைகாட்டி. பதினெட்டுப் படி, நாலு இடத்தில் நின்று, பின்னால் இவர் சின்ன சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு. நான் திட்டப் போனேன், முகத்தைப் பார்த்து விட்டுவிட்டேன்.

திசைகாட்டியைத் தரையில் வைத்துக் குனிந்து பார்த்தார். "யாரு இத தெக்குன்னு சொன்னது?"

நான்தான். கைப்பிடிச் சுவரை வைத்து.

"இந்தச் செவுத்தக் கட்டும்போதே கொத்தனாரு கோணலா வச்சிட்டான். வே மிக்கேலு, அங்கன கொஞ்சம் தள்ளும். இன்னும். போதும் நிறுத்தும்."

அந்தக் கோணலால் ஒரு ஃபேன் சுற்றுக்குக் கூட வித்தியாசம் வராது. எனக்குத் தெரியும். மிக்கேலுக்கும் தெரியும். முடுக்கிய போல்ட்டை எல்லாம் கழற்றி, தள்ளி, மறுபடி முடுக்கினார். நல்ல மனிதர்.

சோலார் ஹீட்டரில் சுடுதண்ணீர் வந்துவிட்டது. "டெஸ்டு பண்ணிப் பாக்கேன்" என்று மாமா குளித்தார். அரை மணி நேர டெஸ்ட்.

பிப். 5, புதன்

மாதாந்திர மின்தடை, 9 முதல் 5 வரை. நான் சி.எல். லீவு.

மோட்டார் போடக் கூடாது என்று சுவிட்சில் பிளாஸ்திரி ஒட்டினேன். 9.10க்குத் தெரு அடங்கியது. எல்லா வீட்டு மிக்சியும் ஒரே நேரத்தில் நின்றது. எங்கள் மெஷின் மட்டும் புஸ் புஸ். ஒரு விநாடி கூட நிற்கவில்லை. பேட்டரிப் பெட்டி முன்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தேன், பரீட்சை ஹாலுக்கு வெளியே நிற்கிற தாயார் மாதிரி. 11 மணிக்கும் முழுசாக இருந்தது. 1 மணிக்கும். வெயில் கொடுக்கக் கொடுக்கக் குறையவே இல்லை. என் கணக்கு சரி.

2 மணிக்கு மாடியில் துணி எடுக்கும்போது கீழே வாசலில் மாமா குரல், மூச்சு வாங்க வாங்க, எதிர் வீட்டைப் பார்த்து:

"ஏ சங்கரா, ஒம் பொண்டாட்டிக்கு வீசிங்குன்னா அங்கன ஏன் விசிறிக்கிட்டு இருக்க? நெபுலைசர எடுத்துக்கிட்டு இங்கன வாங்க. எங்க வீட்டுல கரண்டு நிக்காது."

"தெக்க பாத்து வச்சா ஆகாதுன்னு நீங்கதான அண்ணாச்சி சொன்னிய?"

"அது தெரியாதவன் வச்சா. இது எம் மருமவ போட்டது."

துணியை வைத்துக்கொண்டு அங்கேயே நின்றேன். இறங்க மனம் வரவில்லை. இந்த வீட்டுக்கு வந்து இருபத்திரண்டு வருடம்.

அந்த அக்கா வந்து, மாமா பக்கத்திலேயே உட்கார்ந்து நெபுலைசர் பிடித்துக்கொண்டு போனார். இரண்டு மெஷினும் சேர்ந்து ஓடியும் பேட்டரி அசையவில்லை.

5 மணிக்குக் கரண்டு வந்தது. யாரும் கவனிக்கவில்லை.

இப்போது கடலை ஊறப்போடப் போனேன். மாமா கட்டிலிலிருந்து: "ரெண்டு மாலைக்குப் போடும்மா."

"ரெண்டு எதுக்கு மாமா?"

"ஒண்ணு மேல இருக்கதுக்கு."

போட்டாயிற்று. காலையில் இவரிடம் சொல்ல வேண்டும், சட்டத்துக் கம்பியில் கட்டச் சொல்லி. பலகை மேல் நிழல் விழக் கூடாது.