பதினான்காம் தெருவில் வெள்ளம்

28ஆம் தெரு, கீழ் பிளாக்,
பபேடான், ரங்கூன்.
மே 12, ஞாயிறு

அருளாளன் பெயர் சொல்லித் தொடங்குகிறேன். என் மச்சான் ஜுல்ஃபிகருக்கு, உங்கள் மனைவி நூருன்னிசா ஸலாம் சொல்லி எழுதுவது. இங்கே நானும் மாமியும் நலம். உங்கள் நலத்துக்கு ஐந்து வேளையும் துஆ கேட்கிறோம்.

இந்தக் கடிதத்தின் அசல் விசா ஃபைலுக்குப் போகிறது. படம் மட்டும்தான் உங்கள் போனுக்கு வரும். விசா பேப்பர் எழுதிக் கொடுக்கும் உதயசூரியன் அண்ணனின் ஏற்பாடு அப்படி. புருஷன் பெண்சாதி என்றால் கைப்பட எழுதிய கடிதம் மாதம் ஒன்றாவது இருக்க வேண்டுமாம். போனில் பேசியதை யார் பார்த்தார்கள் என்கிறார். போன மாதக் கடிதத்தில் உங்களைக் கஞ்சன் என்று எழுதியதற்கு எனக்கு நல்ல திட்டு விழுந்தது. தங்கச்சி, இதை அதிகாரி படிப்பாரு, சண்டையெல்லாம் போன்லயே வச்சுக்கங்க என்றார். சண்டை போடாத புருஷன் பெண்சாதியை அந்த அதிகாரி எங்கே பார்த்தாரோ தெரியவில்லை. ஆனாலும் இன்று நல்ல பிள்ளையாக எழுதப் பார்க்கிறேன்.

நேர்காணல் ஜூன் 20, வியாழக்கிழமை என்று தேதி வந்துவிட்டது. ஹஜ்ஜுப் பெருநாள் கழிந்த கையோடு. நிக்காஹ் ஆகிப் பதினோரு மாதத்தில் மலேசியா போனீர்கள், அங்கிருந்து அமெரிக்கா. ஏழு வருஷம் ஓடிப்போச்சு. இந்த முறை இல்லை என்று சொல்லிவிட்டால் அடுத்தது எப்போது என்று அண்ணனுக்கே சொல்லத் தெரியவில்லை. புருஷன் எந்த ஊர், எந்த வீடு, வீட்டைச் சுற்றி என்ன இருக்கிறது என்றெல்லாம் கேட்பார்களாம். தடுமாறினால் கல்யாணமே பொய் என்று முடிவு கட்டிவிடுவார்களாம். அதனால் உங்கள் ஊரைப் படித்துக்கொண்டிருக்கிறேன். பள்ளிக்கூடத்தில் பூகோளத்தில் நான் வாங்கிய மார்க் உங்களுக்குத் தெரியும்.

கால்டர் லேண்டிங் என்ற பெயர் முதலில் வாயில் நுழையவே இல்லை. இப்போது தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். அயோவா மாநிலம், மிஸிஸிப்பி ஆற்றின் மேற்குக் கரை. பாலம் தாண்டினால் எதிர்க்கரை இல்லினாய்ஸ், அது வேறு மாநிலம். ஆதியில் அங்கே இருந்த மக்களிடம் நிலத்தை எழுதி வாங்கிக்கொண்டு விரட்டிவிட்டார்கள். பிறகு கால்டர் என்று ஒருத்தர் வந்து நீராவிக் கப்பல்களுக்கு விறகு விற்றார். அப்புறம் வடக்கே வெட்டிய மரமெல்லாம் ஆற்றில் மிதந்து வந்தது, மரம் அறுக்கும் மில் நடந்தது. மரம் தீர்ந்ததும் ஆற்றுச் சிப்பியில் சட்டைப் பொத்தான் செய்தார்கள். பிளாஸ்டிக் வந்து அதையும் மூடியது. இப்போது நீங்கள் வேலை பார்க்கும் வான்கோழித் தொழிற்சாலை. இங்கே அக்கரையில் இருக்கும் தன்லியின்கூட இப்படித்தானே. ஒரு காலத்தில் பெரிய துறைமுகம் என்பார்கள், இப்போது ஃபாக்டரி பஸ்தான் போய்வருகிறது.

கீரை போடத் தோட்டத்தைக் கொத்தினால் வட்ட வட்டமாக ஓட்டை விழுந்த சிப்பி வருகிறது என்று ஏப்ரல் கடிதத்தில் எழுதியிருந்தீர்கள். பொத்தான் வெட்டிய மிச்சம் என்று நானே கண்டுபிடித்து அண்ணனிடம் சொன்னேன். மெச்சிக்கொண்டார். வெள்ளம் வந்து சமையலறையில் முழங்கால் தண்ணீர் நின்றது, தையல் மிஷினை மேசைமேல் தூக்கி வைத்தோம் என்று எழுதியதுதான் எனக்குப் புரியவில்லை. ஏப்ரலில் அங்கே மழையே இல்லை என்றும் நீங்கள்தான் எழுதியிருந்தீர்கள். வடக்கே பனி உருகி ஆறு பெருகுமாம், அண்ணன் விளக்கினார். மழை ஓரிடம், வெள்ளம் ஓரிடம், நல்ல ஊர். பதினான்காம் தெருவில் உங்கள் வீடு கீழ் பிளாக்கில் இருக்கும் போல. நம் கீழ் பிளாக்கிலும் பெருமழைக்குத் தண்ணீர் ஏறத்தானே செய்கிறது.

இப்போது பெரிய குழப்பத்துக்கு வருகிறேன். தொழுகைக்கு நின்றால் எதிரே ஜன்னலில் ஆறு தெரிகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். காலையில் வாங்கிய மொஹிங்கா நூடுல்ஸ் சுற்றி வந்த காகிதத்தைத் துடைத்து அதில் ஆறு வரைந்தேன், ஊர் வரைந்தேன், உங்களை ஒரு புள்ளியாக வைத்தேன். தொழ நின்றால் முகம் மேற்கே. ஊரோ மேற்குக் கரையில். அப்படியானால் ஆறு உங்கள் முதுகுக்குப் பின்னால் அல்லவா இருக்க வேண்டும்? எதிரே தெரிகிறது என்றால் நீங்கள் எதிர்க்கரையில் இருக்கிறீர்கள். காகிதத்தைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தேன். மாமியைப் பார்க்கச் சொன்னேன். அவர் அதில் வெற்றிலையை வைத்து மடித்துவிட்டார். அந்தக் கரையில் உங்களுக்கு என்ன வேலை, யார் வீடு? ஃபைலுக்குப் போகிற கடிதத்தில் இதைக் கேட்கக் கூடாது என்று தெரியும். கேட்காவிட்டால் நேர்காணலில் நான் உளறிவிடுவேன்.

மாமிக்கு மூச்சு வாங்குவது குறைந்திருக்கிறது. கரண்ட் நாளுக்கு நாலு மணி நேரம்தான், அதுவும் எந்த நாலு மணி என்று தெரியாது. நான் புறப்பட்டதும் அவர் தன்லியினில் தன் தங்கை வீட்டுக்குப் போவதாக முடிவாகியிருக்கிறது. என் மருமகள் அமெரிக்கா போறா என்று பள்ளிவாசல் தெரு முழுக்கச் சொல்லிவிட்டார். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். வான்கோழி வெட்டும் கத்தியில் கவனம். அல்லாஹ் நம்மைச் சீக்கிரம் ஒரே கூரைக்குக் கீழ் வைக்கட்டும்.

உங்கள் அன்பு மனைவி,
நூருன்னிசா


பபேடான்,
ஜூன் 7, வெள்ளி

மச்சானுக்கு ஸலாம்.

இது ஃபைலுக்கு இல்லை. உதயசூரியன் அண்ணனுக்கும் தெரியாது. என் போனில் படம் எடுக்க வராது, பக்கத்து வீட்டு ஸமீராவின் போனில் நானே படம் எடுத்து அனுப்புகிறேன். அவளுக்குத் தமிழ் பேசினால் புரியும், படிக்க வராது. அதனால்தான் அவள் போன்.

முதலில் உங்களிடம் மன்னிப்புக் கேட்கிறேன். என் கடிதம் கிடைத்து நீங்கள் போனில் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. லூசு, இங்கேயிருந்து மக்கா வடகிழக்கே இருக்கு என்றீர்கள். நீங்களும் போன புதிதில் இரண்டு மாதம் பழக்க தோஷத்தில் மேற்கே நின்று தொழுததையும், உடன் வேலை பார்க்கும் சோமாலியாக்காரர் தோளைப் பிடித்துத் திருப்பி நிறுத்தியதையும் சொன்னீர்கள். வடகிழக்கே நின்றால் ஆறு எதிரேதான். காகிதத்தில் மறுபடி வரைந்து பார்த்தேன், சரியாக வந்தது. கெட்ட நினைப்பு நினைத்துவிட்டேனே என்று அன்று முழுக்க எனக்கு வெட்கம். சந்தோஷத்தில் பால் பாயசம் வைத்தேன். மாமிதான் இன்னும் நம்பவில்லை. கஃபா மேற்கே இருக்கு, எம்மவன் அங்கே போய் திசை மாறிட்டான் என்று கண்ணைக் கசக்குகிறார். அவருக்கு உலகம் உருண்டை என்பதைப் புரியவைக்க எனக்குச் சாமர்த்தியம் போதாது.

போன மாதம் 28ஆம் தேதி அண்ணனிடம் கடைசிப் பயிற்சிக்குப் போனேன். அவர் கம்ப்யூட்டரில் உங்கள் ஊர்ப் படத்தைப் பெரிதாக வைத்துக் கேள்வி கேட்டார். எல்லாம் டக் டக்கென்று சொன்னேன். கடைசியில் நான்தான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இல்லாமல், பதினான்காம் தெருவின் கீழ் பிளாக்கைக் காட்டுங்கள் என்றேன். அப்படி ஒன்று இல்லையே தங்கச்சி என்றார்.

இல்லைதான். நம் ரங்கூனில் எண் போட்ட தெருவெல்லாம் நேராக ஆற்றைப் பார்த்து ஓடுகிறது. எந்த எண்ணாக இருந்தாலும் கீழ் பிளாக் என்றால் ஆற்றங்கரை. அதே நினைப்பில்தான் நான் படித்திருந்தேன். உங்கள் ஊரில் தெருக்கள் ஆற்றுக்குப் பக்கவாட்டில் போகின்றன. முதல் தெரு ஆற்றை ஒட்டி. அதற்குப் பின்னால் இரண்டாவது, மூன்றாவது. எண் ஏற ஏறக் குன்றும் ஏறுகிறது. பதினான்காம் தெரு உச்சியில் இருக்கிறது. அந்த வீட்டுச் சமையலறையில் முழங்கால் தண்ணீர் நிற்க வேண்டுமானால், கீழே பதின்மூன்று தெருவும் முதலில் மூழ்க வேண்டும். அப்படி மூழ்கியிருந்தால் மறுநாள் நீங்கள் எப்படி வேலைக்குப் போனீர்கள்?

அண்ணன் படத்தை மூடினார். ஏப்ரல் கடிதத்தை ஃபைலிலிருந்து எடுத்துவிடுவோம், நேர்காணலில் வெள்ளத்தைப் பற்றி வாயே திறக்காதீங்க என்றார். எனக்காகத்தான் சொன்னார், பாவம். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. போனதும் அவர் வாங்கிக் கொடுத்த டீயைக் குடிக்காமலே எழுந்து வந்துவிட்டேன்.

அன்றே உங்களைக் கூப்பிட்டுக் கேட்டேன். அது கூட்டாளி வீட்டு வெள்ளம், எழுதும்போது மாத்தி எழுதிட்டேன் என்றீர்கள். ஷிஃப்ட் மணி அடிக்குது என்று வைத்தீர்கள். பத்து நாளாகிவிட்டது. நான் கூப்பிட்டால் மணி போகிறது, எடுப்பார் இல்லை.

கூட்டாளி வீடு என்றால் கூட்டாளி வீடு, நான் நம்பத் தயார். ஆனால் ஓட்டை போட்ட சிப்பியைப் பொத்தான் கம்பெனிக்காரர்கள் ஆற்றோரத்தில்தான் கொட்டினார்களாம், குன்றின்மேல் அல்ல. அப்படியானால் நீங்கள் கீரை போட்ட தோட்டமும் கூட்டாளியுடையதா? தொழுகிற ஜன்னலும் அவருடையதா? விசா ஃபாரத்தில் தொழிற்சாலை ஆட்கள் மூன்று பேரோடு தங்கியிருக்கிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். நாலு ஆம்பிளைகள் இருக்கிற வீட்டில் தையல் மிஷின் யாருக்கு? ஒரு பொத்தான் அறுந்தாலும் சட்டையைக் கழற்றி என் மடியில் வீசுகிற ஆள் நீங்கள்.

எனக்கு ஒன்றுமே பிடிபடவில்லை, மச்சான். காலையில் எழுந்தால், வேலை குறைந்திருக்கும், மேட்டுத் தெருவில் கட்டுப்படியாகாமல் பள்ளத்தில் குடியேறியிருப்பார், சொல்ல வெட்கப்படுகிறார் என்று தோன்றுகிறது. உங்கள்மேல் இரக்கம் வருகிறது. சோறு வடிக்கும்போது அந்தத் தையல் மிஷின் ஞாபகம் வருகிறது. கை நின்றுவிடுகிறது. மாலை அஸர் தொழுகைக்கு நின்றால், முன்பு ஒருமுறை தப்பாக நினைத்தாயே, இப்போதும் உன் கணக்கில்தான் கோளாறு என்று நானே என்னைத் திட்டிக்கொள்கிறேன். ஒருமுறை திசை தெரியாமல் சந்தேகப்பட்டேன். ஒருமுறை தெரு தெரியாமல் நம்பினேன். இப்போது இரண்டும் தெரிந்துவிட்டது, அதற்கப்புறம்தான் ஒன்றும் தெரியவில்லை. பயமாக இருக்கிறது. கோபமும் இருக்கிறது. எது பெரிது என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

இதை ஏன் அவசரமாக எழுதுகிறேன் என்றால், அங்கே உட்கார்ந்ததும் முதலில் வலது கையை உயர்த்தச் சொல்வார்களாம். சொல்வதெல்லாம் உண்மை என்று சத்தியம் வாங்கிய பிறகுதான் கேள்வி. புருஷன் எங்கே குடியிருக்கிறார் என்று கேட்டால் நான் பதினான்காம் தெரு என்று சொல்ல வேண்டும். போன மாதம் கேட்டிருந்தால் கண்ணை மூடிக்கொண்டு சொல்லியிருப்பேன், அல்லாஹ்வும் மன்னித்திருப்பான். இப்போது தெரிந்துகொண்டு எப்படிச் சொல்வேன்? உங்களுக்காக ஏழு வருஷம் என்னென்னவோ செய்தேன். அல்லாஹ் பெயரில் பொய்ச் சத்தியம் மட்டும் என்னால் ஆகாது, என்னைப் பெற்றவர்கள் அப்படி வளர்க்கவில்லை.

அதனால் 20ஆம் தேதிக்கு முன்னால் எனக்கு ஒரு வரி எழுதுங்கள். முதல் தெருவில் பள்ளத்து வீட்டில் இருக்கிறீர்கள் என்றால் அதைச் சொல்லுங்கள். விலாசம் மாற்ற ஒரு ஃபாரம் இருக்கிறது, ஒரே நாளில் கொடுத்துவிடலாம், நான் விசாரித்துவிட்டேன். கட்டில் காலுக்குச் செங்கல் வைத்துத் தண்ணீரில் குடித்தனம் நடத்தத் தெரியாதவளா நான்? கீழ் பிளாக்குக்குத்தானே என்னைக் கட்டிக்கொண்டு வந்தீர்கள்.

வேறு மாதிரி என்றால் அதையும் சொல்லிவிடுங்கள். 20ஆம் தேதி நேர்காணலுக்கு நான் போகவில்லை. கத்த மாட்டேன், யாரையும் கூப்பிட்டுப் பஞ்சாயத்து வைக்க மாட்டேன். மாமியிடம் என்ன சொல்வது என்பதை நான் பார்த்துக்கொள்கிறேன். அவரைத் தன்லியினுக்கு அனுப்பவும் மாட்டேன், என்னோடேயே இருக்கட்டும். அவருக்கு மாத்திரை எடுத்துக் கொடுக்க ஆள் வேண்டும், எனக்கும் யாராவது ஒருத்தர் வேண்டும்.

நீங்கள் இருப்பது எந்த வீடாக இருந்தாலும், அந்த வீட்டுக்குள் இனித் தண்ணீர் ஏறாமல் அல்லாஹ் காக்க வேண்டும். இன்று ஜும்ஆவுக்குப் பிறகு அப்படித்தான் துஆ கேட்டேன். அங்கே உங்களோடு யார் இருந்தாலும் அவர்களையும் சேர்த்துத்தான் கேட்டேன்.

இன்றுவரை உங்கள் நிக்காஹில் இருக்கும்,
நூருன்னிசா