எட்டாம் நாளுக்கு ஒரு பெயர்

அபெயோகுட்டா
04.03.2025

அன்பு மகள் ஜதுர்ஷிகாவுக்கு,

வேலை முடிந்து வந்திருப்பாய், சாப்பிட்டிருப்பாய் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். நேற்று உன் சின்னம்மா பெர்னடெற்றுக்குப் பெண் குழந்தை பிறந்தது. உனக்கொரு தங்கச்சி. இங்குள்ள யொரூபா மக்களின் வழக்கப்படி எட்டாம் நாள், வரும் திங்கள், பெயர் வைப்பார்கள். நெருங்கிய சொந்தம் ஒவ்வொருவரும் ஒரு பெயர் கொடுக்க வேண்டும். ஒலுமோ பாறைக்குக் கீழே மாமியார் வீட்டில் கூடுகிறோம். "மூத்தவள் லண்டனில இருக்கிறாளே, அவளின்ர பெயர் எங்க?" என்று மாமியார் கேட்கிறார்.

வீடியோவில் வர உனக்குக் கூச்சம். ஈமெயிலில் எழுதினால் போதும். உனக்குப் பிறகு ஒரு பிள்ளை பிறந்தால் வைக்க அம்மா ஒரு பெயர் நினைத்து வைத்திருந்தாவே, எனக்கு மறந்துவிட்டது. அதையே அனுப்பு.

அன்புடன்,
அப்பா

லூயிஷாம்
07.03.2025

அன்புள்ள அப்பா,

தாயும் பிள்ளையும் சுகமாக இருக்கட்டும்.

அந்தப் பெயர் எனக்கு மறக்கவில்லை. ஆனால் தரமாட்டேன். அது அம்மாவுடையது.

அம்மா இறந்து ஆறாம் மாதம் என்னை இங்கே விட்டு, ஆலை வேலைக்கென்று அங்கே போனீர்கள். என் பட்டமளிப்புக்குக் குடும்பத்துக்கென்று இரண்டு சீட்டுத் தந்தார்கள். இரண்டையும் திருப்பிக் கொடுத்தேன். உங்களுக்குச் சொல்லவில்லை. இப்போது கவுன்சிலில் வேலை. வெள்ளி பின்னேரம் வேலை முடிந்து வாயை மூடினால் திங்கள் காலைதான் திறக்கிறேன்.

வேறு பெயர் யோசிக்கிறேன். திங்களுக்குள் முடியாது.

ஜது

அபெயோகுட்டா
11.03.2025

அன்பு ஜது,

விழா நன்றாக நடந்தது. குழந்தையின் வாயில் தேனும் உப்பும் தொட்டு வைத்தார்கள். உன் முறை வந்தபோது எல்லோரும் என்னையே பார்த்தார்கள். இல்லையென்று சொல்ல ஏலாமல், நீ அனுப்பினாய் என்று வாயில் வந்த ஒன்றைச் சொல்லிவிட்டேன். கஜந்தினி. மாமியாருக்கு நன்றாகப் பிடித்துக்கொண்டது. கோபிக்காதே, சின்ன விஷயம்தானே.

அப்பா

லூயிஷாம்
15.03.2025

அப்பா,

இன்று பெர்னடெற்றுக்கு நானே போன் எடுத்தேன். முதலில் பிள்ளையின் சுகம் கேட்டேன். பிறகு, அந்தப் பெயர் நான் தந்ததில்லை என்றேன்.

"தெரியும். மனுசன் பொய் சொன்னால் காது சிவக்கும்" என்றா. "உன்ர இடத்தை வைச்சிருக்கிறன். ஆறுதலா யோசிச்சுத் தா."

பின்னால் பிள்ளை அழுதது. போனை அதன் பக்கத்தில் பிடித்தா. ஓயும்வரை கேட்டுக்கொண்டிருந்தேன்.

பெயர் கிடைத்ததும் பெர்னடெற்றிடம் சொல்வேன். உங்களிடம் இல்லை.

ஜதுர்ஷிகா